ஆறு வயது நிரம்பாத குழந்தையும் மூன்று அவைகளும்: மோதி பாக்கிலிருந்து ஒரு வரலாற்றுப் பார்வை

(நீண்ட பதிவு. கல்வியியல், உளவியல், சமூகப்பணி, குழந்தை மருத்துவம் பயிலும் மாணவர்களை மனத்திற்கொண்டு எழுதப்பட்டது. பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.)

1. ஒரு வரைபடம்

தில்லியின் சுற்றுச்சாலையை ஒட்டி அமைந்துள்ள மோதி பாக், அடிப்படையில் ஒரு மத்திய அரசு ஊழியர் குடியிருப்பு. தமிழர்க்கு அப்பெயர் அயலானதன்று. தலைநகரில் பணிபுரிய வந்த தென்னிந்திய ஊழியரின் பிள்ளைகளுக்காக 1923இல் 'மதராசி' என்னும் அடையோடு தொடங்கி, இன்று தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் என அறியப்படும் அமைப்பின் ஏழு பள்ளிகளுள் ஒன்று அங்குதான் உள்ளது. வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, வகுப்பில் ஆங்கிலம் என மூன்று மொழிகளுக்கிடையே பேசப் பழகிய குழந்தைகள் பல தலைமுறைகளாக அப்பகுதியில் வளர்ந்துள்ளனர்.

மோதி பாக்கை மையமாக வைத்துத் தெற்குத் தில்லியின் வரைபடத்தை நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். 1956இல் நிறுவப்பட்ட அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகமும் சஃப்தர்ஜங் மருத்துவமனையும் அதே சுற்றுச்சாலையில் கிழக்கே உள்ளன. 1961இல் தோன்றிய தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழு அரவிந்தர் சாலையில் இருக்கிறது. அங்கன்வாடிப் பயிற்சிக்குப் பொறுப்பேற்ற, 1966இல் தொடங்கப்பட்ட, பொதுமக்கள் ஒத்துழைப்பு மற்றும் குழந்தை வளர்ச்சிக்கான தேசிய நிறுவனம் ஹௌஸ் காஸ் பகுதியில் அமைந்துள்ளது. குழந்தையின் உடலுக்கு ஒரு நிறுவனம், அறிவுக்கு ஒரு நிறுவனம், நலத்திற்கு ஒரு நிறுவனம். மூன்றும் சில கிலோமீட்டர்த் தொலைவுக்குள் உள்ளன. ஆயினும் இம்மூன்று துறையினரும் தத்தம் மாநாடுகளைத் தனித்தனியே கூட்டினர். தனித்தனியே தீர்மானங்களை நிறைவேற்றினர். தனித்தனி அமைச்சகங்களிடம் அளித்தனர்.

ஆறு வயது நிரம்பாத ஒரே குழந்தையைப் பற்றிப் பேசுவதற்கு ஏன் மூன்று அவைகள் தேவைப்பட்டன? அப்பிரிவினையால் அக்குழந்தை எதனை இழந்தது? இப்பதிவின் வினாக்கள் இவையே.

2. 1937: ஒரே ஆண்டில் இரண்டு தொடக்கங்கள்

இந்தியாவில் மழலையர் கல்வி ஒரு தொழில்சார் இயக்கமாக உருப்பெற்ற இடம் பாவ்நகர். அங்குத் தட்சிணாமூர்த்தி நிறுவனத்தில் 1920இல் கிஜுபாய் பதேகா பால மந்திரைத் தொடங்கினார். 1926இல் தாராபாய் மோடக்கோடு இணைந்து நூதன பால சிட்சண சங்கத்தை நிறுவினார். வழக்கறிஞர் தொழிலைத் துறந்து வந்த கிஜுபாயும் கல்லூரிப் பதவியைத் துறந்து வந்த தாராபாயும் செய்த முதன்மையான காரியம், ஆங்காங்கே தனித்து உழைத்த ஆசிரியர்களை ஓரிடத்தில் கூடச் செய்ததாகும். குழந்தையை அடிக்கலாகாது என்பது அன்று ஒரு கல்விக் கொள்கை மட்டுமன்று. பெற்றோரின் எதிர்ப்பைச் சந்திக்க வேண்டிய ஒரு சமூக நிலைப்பாடு. அதனைத் தனியொருவராகச் சொல்வது கடினம். ஒரு சங்கமாகச் சொல்வது சற்று எளிது. தொழில்சார் கூடுகைகளின் முதற்பயன் இத்துணிவே.

1937ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். அவ்வாண்டு அக்டோபரில் வார்தாவில் காந்தியடிகள் தலைமையில் கல்வி மாநாடு கூடியது. அதன் விளைவான ஆதாரக் கல்வித் திட்டம் ஏழு வயது முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகளுக்கு உரியது. ஏழு வயதுக்கு முந்தைய குழந்தை அத்திட்டத்தின் வரம்பிற்கு வெளியே நின்றது. 1945இல் சேவாகிராமத்தில் நடைபெற்ற கூடுகையில்தான் ஆதாரக் கல்வியின் எல்லை விரிந்து, முன்-ஆதாரக் கல்வி என்னும் பருவம் அதன் உறுப்பாயிற்று.

அதே 1937இல் பம்பாயில் வேறொரு தொடக்கம் நிகழ்ந்தது. கிளிஃபோர்டு மான்ஷார்டின் முயற்சியால் முந்தைய ஆண்டு தொடங்கப்பட்டிருந்த சர் தொராப்ஜி டாட்டா சமூகப்பணிப் பட்டப்பள்ளி, இந்தியாவின் முதல் குழந்தை வழிகாட்டு மையத்தைத் திறந்தது. உளமருத்துவர், உளவியலர், சமூகப்பணியாளர் ஆகிய மூவரும் ஒரே குழந்தையை ஒன்றுசேர்ந்து ஆராய்வது இத்தகைய மையங்களின் முறை. அமெரிக்காவில் இளஞ்சிறார் குற்றங்களைப் பற்றிய கவலையிலிருந்து பிறந்த முறை அது. ஆகவே அது இயல்பாகவே பள்ளி செல்லும் வயதுடைய, 'சிக்கல்' உடையவராகக் கருதப்பட்ட சிறாரை நோக்கியது.

இரண்டு தொடக்கங்களையும் அருகருகே வைத்துக் காண வேண்டும். ஆசிரியர் மரபு எல்லாக் குழந்தைகளையும் பார்த்தது. ஆனால் குழந்தையின் துயரத்திற்கு அதனிடம் தனிச் சொல் இல்லை. மருத்துவ மரபிடம் துயரத்திற்குச் சொற்கள் இருந்தன. ஆனால் தன்னிடம் அழைத்துவரப்பட்ட குழந்தையை மட்டுமே அது பார்த்தது. பின்வந்த பல பதிற்றாண்டுகளின் பிளவு இங்கேயே வித்திடப்பட்டது.

3. அடையாறு, 1939

இரு மரபுகளும் நெருங்கி வரக்கூடிய ஒரு வாய்ப்பு சென்னையில் அமைந்தது. பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும் விடுத்த அழைப்பை ஏற்று மரியா மாண்டிசோரி 1939 நவம்பரில் அடையாறு வந்தடைந்தார். ஓலைக் கொட்டகைகளில் நடைபெற்ற முதல் பயிற்சி வகுப்பில் ஏறத்தாழ 300 பேர் பயின்றனர். 1940இல் இத்தாலி போரில் இறங்கியதும் அவர் பகைநாட்டுக் குடியாகக் கருதப்பட்டு நடமாட்டக் கட்டுப்பாட்டுக்கு உள்ளானார். மகன் மாரியோ தடுப்புக் காவலில் வைக்கப்பட்டு, அன்னையின் எழுபதாம் பிறந்தநாளையொட்டி விடுவிக்கப்பட்டார். கொடைக்கானலில் வாழ்ந்த போர்க்கால ஆண்டுகளில் கைக்குழந்தைகளை அருகிருந்து நோக்கும் வாய்ப்பு மாண்டிசோரிக்குக் கிட்டியது. பிறப்பு முதல் மூன்று வயது வரையிலான பருவத்தின் மீது அவர் கவனம் ஆழ்ந்தது இக்காலத்தில்தான். அகமதாபாத்தில் அவர் ஆற்றிய விரிவுரைகளிலிருந்து பிறந்த நூல் 1949இல் வெளிவந்தது.

மாண்டிசோரி அடிப்படையில் ஒரு மருத்துவர். உரோமில் மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளோடு பணியாற்றியே தம் முறையைக் கண்டறிந்தவர். அந்த மருத்துவப் பின்புலம் இந்தியாவில் அவரைப் பின்பற்றியோரிடம் பெரிதும் தொடரவில்லை. ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆசிரியர்கள் அவரிடம் பயிற்சி பெற்றும், மாண்டிசோரி என்னும் பெயர் காலப்போக்கில் நகரத்து நடுத்தர வகுப்பினரின் பள்ளிப் பலகைகளில் ஒரு விளம்பரச் சொல்லாகச் சுருங்கிற்று. அதனை ஏழைக் குழந்தையின் முற்றத்திற்குக் கொண்டுசென்றவர் தாராபாய் மோடக். 1945இல் போர்டியில் தொடங்கி, பின்னர் கோஸ்பாட்டில் வார்லிப் பழங்குடிக் குழந்தைகளுக்கிடையே அனுதாய் வாக்குடன் அவர் நடத்திய சோதனைகளிலிருந்தே 'அங்கன்வாடி' என்னும் சொல் பிறந்தது. அங்கணம் என்றால் முற்றம். குழந்தை பள்ளிக்கு வராவிட்டால் பள்ளி குழந்தையின் முற்றத்திற்குச் செல்லட்டும் என்பதே அச்சொல்லின் உட்பொருள்.

4. விடுதலைக்குப் பின்: தனித்தனிக் கூடாரங்கள்

இந்திய உளமருத்துவச் சங்கம் 1947 ஜனவரியில் தில்லியில் நிறுவப்பட்டது. அறிவியல் மாநாட்டையொட்டிக் கூடியிருந்த சிலரே அதன் தொடக்க உறுப்பினர்கள். அதே ஆண்டின் பிற்பகுதியில் பிரிவினை நிகழ்ந்தது; பெற்றோரை இழந்த, பெற்றோரைப் பிரிந்த குழந்தைகள் தில்லியின் அகதி முகாம்களில் நிறைந்தனர். ஐரோப்பாவில் இத்தகைய பேரிடர் ஓர் ஆராய்ச்சிப் பொருளாயிற்று. வீடிழந்த குழந்தைகளைப் பற்றி உலக சுகாதார நிறுவனத்திற்காக ஜான் பௌல்பி எழுதி 1951இல் வெளிவந்த ஆய்வறிக்கை, தாயிடமிருந்து பிரிவது இளங்குழந்தையின் உளநலத்தை எவ்வாறு பாதிக்கிறது என்பதை உலகெங்கும் விவாதப் பொருளாக்கியது. இந்தியாவிலோ பணி நிவாரணமாகவும் சமூக நலமாகவும் நிகழ்ந்தது. 1952இல் இந்தியக் குழந்தைகள் நலச் சங்கம், 1953இல் துர்காபாய் தேஷ்முக் தலைமையில் மத்திய சமூக நல வாரியம், அதன் உதவியோடு ஊர்தோறும் பால்வாடிகள் எனச் செயல் விரிந்தது. சென்னையில் 1949இல் காமராசரின் ஊக்கத்தோடு மஞ்சுபாஷிணி தொடங்கிய பால மந்திர் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு இல்லமாயிற்று.

செயல் இருந்தது, அச்செயலிலிருந்து அறிவை வடித்தெடுக்கும் அவை குறைவாக இருந்தது. விதிவிலக்குகளைக் குறிப்பிட வேண்டும். இலக்னோவின் நூர் மன்சில் உளமருத்துவ மையத்தில் பணியாற்றிய சுவிட்சர்லாந்து நாட்டு மருத்துவர் எர்னா ஹோக், தம்மிடம் வந்த இந்தியக் குழந்தைகளைப் பற்றி 1967இல் ஒரு நூலே எழுதினார். சாராபாய் குடும்பத்தின் ஆதரவில் அகமதாபாத்தில் தோன்றிய பி.எம். உளநல நிறுவனம் மழலையர் பள்ளியையும் உளநல மையத்தையும் ஒரே வளாகத்தில் இணைத்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் உளநல மையத்தில் உருவான 'நம்பிக்கை நிலையம்' பெற்றோரையும் குழந்தையோடு தங்கச் செய்து பயிற்றுவித்தது.

அகமதாபாத்தில் 1962இல் நடந்த ஒரு கூடுகை தனிக் கவனத்திற்குரியது. மனித வாழ்க்கைச் சுழற்சியைப் பற்றிய கருத்தரங்கை நடத்த எரிக் எரிக்சன் அழைக்கப்பட்டார். மேற்கில் அவர் வகுத்திருந்த எட்டுப் பருவங்களை இந்திய மரபின் ஆசிரமப் பகுப்போடு ஒப்பிட்டுப் பேசும் வாய்ப்பு அங்கு அமைந்தது. அந்நகரில்தான் 1918ஆம் ஆண்டின் ஆலைத் தொழிலாளர் போராட்டத்தைப் பற்றி அதில் நேரடித் தொடர்புடையோரிடம் அவர் கேட்டறிந்தார். காந்தியைப் பற்றிய அவரது 1969ஆம் ஆண்டு நூலின் கரு அதுவே. கருத்தரங்கு விருந்தினருக்கும் ஏதேனும் கற்பித்திருக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று.

இங்கே தமிழ் மாணவர்களுக்கு ஒரு குறிப்பு. குழந்தையின் வளர்ச்சியைப் பருவங்களாகப் பகுத்துக் காணும் பார்வை நம் இலக்கிய மரபுக்குப் புதிதன்று. பிள்ளைத்தமிழின் காப்பு, செங்கீரை, தால், சப்பாணி முதலிய பத்துப் பருவங்களை மூன்றாம் மாதம் முதல் இருபத்தோராம் மாதம் வரை ஒற்றைப்படை மாதங்களில் அமைக்கும் ஒரு மரபு உண்டு. தலை நிமிர்தல், கைகொட்டல், தளர்நடை ஆகியவற்றைக் கூர்ந்து கண்ட கண்கள் அவற்றின் பின்னால் உள்ளன. ஆயினும் அதனை அறிவியல் அட்டவணையாகக் காட்டுவது பிழை. அது தெய்வத்தையோ தலைவனையோ குழந்தையாக்கிப் போற்றும் இலக்கியம். எந்தக் குழந்தை பின்தங்குகிறது என்று கேட்பது அதன் நோக்கமன்று. அவ்வினாவைக் கேட்ட கருவிகள் வேறு: பிரமிளா பாடக் பரோடாவில் உருவாக்கிய வளர்ச்சி அளவுகோல், எம்.கே.சி. நாயரும் குழுவினரும் உருவாக்கி 1991இல் வெளியிட்ட, இரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்கு 17 கூறுகளே கொண்ட திருவனந்தபுரம் வளர்ச்சிச் சோதனை அட்டவணை. பின்னது அங்கன்வாடி ஊழியர் சில நிமிடங்களில் பயன்படுத்தத்தக்கது என்பதே அதன் சிறப்பு.

5. 1963, 1964: சங்கங்களின் காலம்

குழந்தை மருத்துவர்களின் இரு அமைப்புகள் இணைந்து 1963இல் இந்தியக் குழந்தை மருத்துவக் கழகம் உருவாயிற்று. அடுத்த ஆண்டு மழலையர் கல்வியாளர்கள் இந்திய முன்பருவக் கல்விச் சங்கத்தை அமைத்தனர். இரண்டும் ஆண்டு மாநாடுகளைக் கூட்டின. குழந்தை மற்றும் வளரிளம் பருவ உளநலத்திற்கென ஒரு தனிச் சங்கம் தோன்ற 1990களின் தொடக்கம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மூன்று அவைகள் என முன்பு சுட்டியது இவற்றையே.

துறைகள் தனித்தனிச் சங்கம் அமைப்பது இயல்பே. தகுதியை வரையறுக்கவும், பயிற்சியின் தரத்தைக் காக்கவும், ஆய்வேடு வெளியிடவும், இளையோருக்கு வழிகாட்டவும் சங்கம் வேண்டும். இடர் எங்கே எழுகிறது? சங்கத்தின் எல்லையே குழந்தையின் எல்லை எனக் கருதப்படும்போது எழுகிறது. இரண்டரை வயதில் பேச்சு வராத ஒரு குழந்தையை எண்ணிப் பாருங்கள். அது செவிக் குறைபாடாக இருக்கலாம். வீட்டில் பேசுவாரின்மையாக இருக்கலாம். ஆட்டிசத்தின் அறிகுறியாக இருக்கலாம். மூன்று மொழிகளுக்கிடையே தன் நேரத்தை எடுத்துக்கொள்ளும் இயல்பான குழந்தையாகவும் இருக்கலாம். இவற்றைப் பிரித்தறிய மருத்துவர், ஆசிரியர், உளவியலர் மூவரும் ஒரே மேசையில் அமர வேண்டும். 1937ஆம் ஆண்டு பம்பாய் மையம் கொண்டுவந்த முறையே அதுதான். மாநாட்டு அரங்கம் அதனைப் பின்பற்றத் தவறியது.

6. தில்லி, 1969 முதல் 1975 வரை

இவ்வரலாற்றின் உச்சம் தில்லியில் நிகழ்ந்த ஆறாண்டுகள். காந்தி நூற்றாண்டுக் கண்காட்சிக்காக ராஜ்காட்டில் கட்டுமானப் பணி நடந்துகொண்டிருந்தது. செங்கல் சுமந்த பெண்களின் குழந்தைகள் புழுதியிலும் வெயிலிலும் கிடப்பதைக் கண்ட மீரா மகாதேவன் 1969இல் அங்கேயே ஒரு கூடாரத்தில் குழந்தைகள் காப்பகத்தைத் தொடங்கினார். கட்டடம் முடிந்ததும் தொழிலாளர் வேறிடம் செல்வர். காப்பகமும் உடன் செல்லும். 'மொபைல் கிரெஷஸ்' என்னும் நடமாடும் காப்பகத்தின் தோற்றம் இதுவே. அதில் உணவு, மருத்துவம், விளையாட்டு, அரவணைப்பு ஆகியவை பிரிக்கப்படவில்லை. பசித்து அழும் குழந்தையிடம் உன் அழுகை எந்தத் துறையைச் சார்ந்தது என்று அங்கு எவரும் கேட்க இயலாது.

இச்சூழலில் இயங்கியவர் மீனா சுவாமிநாதன். 'வாஸவேச்வரம்' நாவலைத் தந்த கிருத்திகாவின் மகள். வேளாண் அறிவியலாளர் எம்.எஸ். சுவாமிநாதனின் துணைவியார். 1968இல் கங்கா சரண் சின்ஹா குழு குழந்தைகளுக்கான திட்டங்களைப் பற்றி அறிக்கை அளித்திருந்தது. அதனைத் தொடர்ந்து மத்தியக் கல்வி ஆலோசனை வாரியம் முன்பருவக் குழந்தையின் வளர்ச்சியை ஆராய அமைத்த குழுவுக்கு மீனா சுவாமிநாதன் தலைமை ஏற்றார். 1972இல் வெளிவந்த அறிக்கையின் மையக் கருத்து ஒருங்கிணைப்பு: உடல்நலம், ஊட்டம், கல்வி மூன்றும் ஏழைக் குழந்தைக்கு ஒரே இடத்தில், ஒன்றாகவே கிடைக்க வேண்டும். 1974 ஆகஸ்டில் தேசியக் குழந்தைகள் கொள்கை அறிவிக்கப்பட்டது. 1975 அக்டோபர் 2ஆம் நாள் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 33 வட்டாரங்களில் தொடங்கிற்று. தாராபாயின் 'அங்கன்வாடி' தேசியச் சொல்லாயிற்று.

ஓர் அவையின் பேச்சு நாட்டின் திட்டமாக மாறிய அரிய நிகழ்வு இது. ஆனால் திட்டத்தின் ஆவணத்தைக் கூர்ந்து வாசிப்போர் ஒரு முரணைக் காண்பர். அதன் நோக்கங்களுள் குழந்தையின் உளவியல், உடல், சமூக வளர்ச்சிக்கு அடித்தளமிடுதல் வெளிப்படையாகக் கூறப்பட்டுள்ளது. அதன் பணிகளோ ஆறு: துணை உணவு, தடுப்பூசி, உடற்பரிசோதனை, மருத்துவமனைக்குப் பரிந்துரைத்தல், தாய்மார்க்கான ஊட்ட மற்றும் உடல்நலக் கல்வி, முன்பருவக் கல்வி. நோக்கத்தில் இடம்பெற்ற உளம் பணிகளின் பட்டியலில் இல்லை.

7. தராசு அளந்ததும் அளவாததும்

ஏன் இவ்வாறு ஆயிற்று? அலட்சியம் என்று சொல்லிவிடுவது எளிது; நேர்மையான விடை அதனினும் சிக்கலானது. 1970களில் இந்தியாவில் குழந்தை இறப்பு பெருந்துயராக இருந்தது. உயிரைக் காப்பதே முதற்கடமை என்று மருத்துவர் கருதியதில் பிழையில்லை. மேலும், எடையை அளக்கத் தராசு உண்டு. 1980இல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டத் திட்டம் குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டு வளர்ச்சி அட்டையில் குறித்தது, 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் பால்வாடிக் குழந்தைகளையும் உள்ளடக்கியது. இவை பெருஞ்சாதனைகள், ஐயமில்லை. அளக்கக்கூடியது நிதி பெற்றது. நிதி பெற்றது மாநாட்டுத் தலைப்பாயிற்று. அஞ்சிய குழந்தையை, பேச மறுத்த குழந்தையை, தாயின் மனச்சோர்வால் முகம் பாராது வளர்ந்த குழந்தையை எத்தராசில் இடுவது?

உயிர் பிழைத்தல் மட்டும் போதாது என்ற குரல் ஊட்டவியலுக்குள்ளிருந்தே எழுந்தது. சேலத்தில் பிறந்து, 1980இல் தில்லியில் இந்திய ஊட்டச்சத்து நிறுவனத்தைத் தொடங்கிய சி. கோபாலன், பிழைத்த குழந்தையின் வளர்ச்சித் தரத்தையும் கேள்விக்குள்ளாக்கினார். பின்னர் உலக அளவில் எண்கள் வந்தன. வளரும் நாடுகளில் ஐந்து வயதுக்குட்பட்ட 20 கோடிக்கு மேற்பட்ட குழந்தைகள் தம் வளர்ச்சித் திறனை எட்டுவதில்லை என 'லான்செட்' இதழின் 2007ஆம் ஆண்டுக் கட்டுரைத் தொடர் மதிப்பிட்டது.

இந்தியக் குழந்தைகளின் உளநலத்தை அளந்த குறிப்பிடத்தக்க ஆய்வு 2005இல் வெளிவந்தது. பெங்களூரில் ஷோபா ஸ்ரீநாத்தும் குழுவினரும் நடத்திய அவ்வாய்வின்படி, பதினாறு வயது வரையிலானோரில் 12.5 விழுக்காட்டினர்க்கு ஏதேனும் ஓர் உளநலச் சிக்கல் இருந்தது. மூன்று வயது வரையிலான குழந்தைகளிடம் இது 13.8 விழுக்காடு. அவற்றுள் பெரும்பாலானவை மூச்சடைத்து அழுதல், மண் முதலியவற்றை உண்ணுதல், பேச்சு வெளிப்பாட்டுக் குறை போன்றவை. அன்பும் எளிய வழிகாட்டுதலும் கிடைத்தால் பெரும்பாலும் சீராகக்கூடியவை. ஆகவே இவ்வெண்ணைக் கண்டு அஞ்சத் தேவையில்லை. ஆனால் வழிகாட்டும் ஒருவர் அருகில் இருக்க வேண்டும். பத்தாண்டுகளுக்குப் பின் நடந்த 2015-16 தேசிய உளநல ஆய்வு இளையோருள் 13 முதல் 17 வயதினரைப் பற்றியே எண் தந்தது, அது 7.3 விழுக்காடு. சின்னஞ்சிறு குழந்தை மீண்டும் கணக்கிற்கு வெளியே நின்றது.

8. சட்டத்தின் ஏடுகளில்

அவைகளின் பிளவு சட்டத்திலும் தடம் பதித்தது. 1950ஆம் ஆண்டு அரசமைப்பின் 45ஆம் உறுப்பு பதினான்கு வயது நிறையும் வரை எல்லாக் குழந்தைகளுக்கும் கல்வி என்றது. தொடக்க வயதை அது குறிக்கவில்லை. 2002ஆம் ஆண்டின் 86ஆம் திருத்தம் கல்வியை அடிப்படை உரிமையாக்கியபோது ஆறு முதல் பதினான்கு வயது என வரம்பிட்டது. ஆறு வயதுக்குட்பட்டோர் திருத்தப்பட்ட 45ஆம் உறுப்பில், நீதிமன்றத்தால் வலியுறுத்த இயலாத வழிகாட்டு நெறியாக எஞ்சினர். பணிபுரியும் பெண்களின் குழந்தைகளுக்காக 1989இல் தில்லியில் உருவான 'ஃபோர்சஸ்' என்னும் கூட்டமைப்பும், தமிழ்நாட்டில் அதன் கிளையும், மீனா சுவாமிநாதனைப் போன்றோரும் இவ்விடுபாட்டைத் தொடர்ந்து சுட்டிக்காட்டினர்.

வேறொரு சட்டத்தில் ஒரு சிறு வெளிச்சம் உண்டு. 2017ஆம் ஆண்டு உளநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, உளநல நிலையத்தில் சிகிச்சை பெறும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கலாகாது என்கிறது. 1951ஆம் ஆண்டு பௌல்பி எழுதியது ஏறத்தாழ அறுபத்தாறு ஆண்டுகள் கடந்து இந்தியச் சட்டத்தில் ஒரு வாக்கியமாயிற்று. அதற்கு முன்பே, 2009இல், பெங்களூர் நிம்ஹான்சில் தாய்-சேய் உளமருத்துவப் பிரிவு தொடங்கப்பட்டு, இது நடைமுறையில் இயலும் என்று காட்டியிருந்தது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை மூன்று வயது முதலே அடித்தளப் பருவத்தைக் கணக்கிடுகிறது. 2024இல் மூன்று வயது வரையிலான குழந்தைகளுக்கு 'நவசேதனா', மூன்று முதல் ஆறு வயதினர்க்கு 'ஆதார்ஷிலா' என இரண்டு பாடத்திட்டச் சட்டகங்கள் அங்கன்வாடிகளுக்கென வெளியிடப்பட்டன.

9. அவையில் இல்லாதவர்

இவை யாவற்றையும் நடைமுறைப்படுத்த வேண்டியவர் யார்? நாட்டில் ஏறத்தாழ 14 லட்சம் அங்கன்வாடி மையங்கள் உள்ளன. உணவு சமைப்பதை மேற்பார்வையிட்டு, எடைபோட்டு, பதிவேட்டையும் அலைபேசிச் செயலியையும் நிரப்பி, பாட்டும் கதையும் சொல்லி, இனிமேல் வளர்ச்சித் தாமதத்தையும் கண்டறிய வேண்டிய ஊழியர், அரசின் ஏட்டில் மதிப்பூதியம் பெறும் தன்னார்வலர். அவர்களுக்குப் பணிக்கொடை உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2022 ஏப்ரலில்தான். திட்டம் தொடங்கி நாற்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின்! அதே ஆண்டின் தொடக்கத்தில் தலைநகர் தில்லியிலேயே அங்கன்வாடி ஊழியர்கள் ஊதியத்திற்காக வாரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தனர். இன்றியமையாப் பணிகள் சட்டம் அவர்கள் மீது பயன்படுத்தப்பட்டது. இன்றியமையாதவர் என்று சட்டம் கூறியது. ஊழியர் என்று கூறத்தான் தயங்கியது.

குழந்தையின் முதல் ஆறு ஆண்டுகளைப் பற்றிய பன்னாட்டுக் கருத்தரங்குகளில் மூளை வளர்ச்சியின் படங்கள் திரையில் ஒளிர்கின்றன. தொடக்க ஆண்டுகளில் இடும் முதலீடு பன்மடங்காகத் திரும்பும் என்று பொருளியலாளர் கூறுகின்றனர். அவை உண்மையாக இருக்கலாம். ஆனால் இளங்குழந்தையின் உளநலம் என்பது அதனைப் பேணுவோரின் உளநலத்திலிருந்து பிரிக்க முடியாதது. மாண்டிசோரி முதல் பௌல்பி வரை எல்லோரும் வெவ்வேறு சொற்களில் கூறியதன் சாரம் இதுவே. களைத்த தாயும் ஊதியம் தாமதமான ஊழியரும் இருக்கும் முற்றத்தில் குழந்தையின் 'தூண்டல்' பற்றி மட்டும் பேசுவது அறிவியலுக்கே புறம்பானது.

10. மாணவர்களுக்கு

இன்று உங்களுள் பலர் கருத்தரங்குகளை ஒருங்கிணைக்கும் நிலையில் இருக்கிறீர்கள். கடந்த நூற்றாண்டின் அவைகளிலிருந்து மூன்று பாடங்களை எடுத்துக்கொள்ளலாம் என்று கருதுகிறேன்.

முதலாவது, அழைப்பிதழைப் பாருங்கள். மேடையில் மருத்துவர், ஆசிரியர், உளவியலர் மூவரும் உள்ளனரா? அங்கன்வாடி ஊழியர் ஒருவரேனும் பார்வையாளராக அன்றிப் பேச்சாளராக அழைக்கப்பட்டுள்ளாரா? அவர் பேசும் மொழியில் அமர்வு நடைபெறுமா? ஆங்கிலத்தில் மட்டும் நடக்கும் அவை தன் முதன்மைச் சான்றாளரை வாயிலிலேயே நிறுத்திவிடுகிறது.

இரண்டாவது, கருவிகளைக் கேள்வி கேளுங்கள். நீங்கள் பயன்படுத்தும் சோதனை எந்த ஊரில், எந்த மொழிக் குழந்தைகளைக் கொண்டு தரப்படுத்தப்பட்டது? மோதி பாக்கில் வளரும் ஒரு தமிழ்க் குழந்தையை இந்திச் சொற்பட்டியலால் மட்டும் அளந்தால் அதன் மொழிவளத்தில் ஒரு பாதியே தெரியும். மறுபாதி தாமதம் என்று எழுதப்பட்டுவிடும். ஓர் அட்டவணையில் இடும் குறி ஒரு குழந்தையின் பள்ளிச் சேர்க்கையையும், அதன் பெற்றோரின் உறக்கத்தையும் மாற்றவல்லது.

மூன்றாவது, தீர்மானத்திற்குப் பின் என்ன நிகழ்ந்தது என்று தேடுங்கள். 1972ஆம் ஆண்டு அறிக்கை திட்டமாயிற்று. ஆனால் அதன் உளம் பாதி வழியில் உதிர்ந்தது. எங்கே, எந்தக் கோப்பில், எந்த நிதி ஒதுக்கீட்டில் உதிர்ந்தது என்பதை ஆராய்வது முனைவர் பட்டத்திற்குத் தகுந்த பொருள். சங்கங்களின் மாநாட்டு மலர்களும் ஆண்டறிக்கைகளும் நூலக அலமாரிகளில் வாசிப்பாரின்றிக் கிடக்கின்றன. தமிழ்நாட்டின் பால்வாடி ஆசிரியைகளுள் முதல் தலைமுறையினர் முதுமையில் உள்ளனர். அவர்களது வாய்மொழி வரலாற்றைப் பதிவுசெய்ய இன்னும் சில ஆண்டுகளே வாய்ப்புண்டு.

மீனா சுவாமிநாதன் 2022 மார்ச்சில் சென்னையில் காலமானார். நடமாடும் காப்பகங்கள் கட்டுமானத் தளங்களில் இன்றும் தேவைப்படுகின்றன. மோதி பாக்கிலேயே பழைய ஊழியர் வீடுகள் இடிக்கப்பட்டு, உயர் அதிகாரிகளுக்கான புதிய மோதி பாக் எழுந்துள்ளது. அக்கட்டடங்களையும் யாரோ சில பெண்கள் செங்கல் சுமந்தே எழுப்பினர். அவர்களது குழந்தைகள் அப்போது எங்கே இருந்தனர் என்ற வினாவுக்கு எந்த அவை பொறுப்பேற்கும்? கல்வியாளர் அவையா, மருத்துவர் அவையா, உளநல அவையா? மூன்றும் ஒன்றாகக் கூடி விடை சொல்ல வேண்டிய வினா அது.

இத்துறையில் ஆய்வு மேற்கொண்டிருப்போர், மாவட்ட அளவிலான பால்வாடி, காப்பகம், குழந்தை வழிகாட்டு மையம் ஆகியவற்றின் பழைய ஆவணங்களை அறிந்தோர், பின்னூட்டத்தில் குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். தனித்தனியே தேடுவதைவிட ஒன்றுசேர்ந்து தேடுவது நன்று.